கம்பியில்லா வீட்டு அலாரம்: வாங்குவதற்கு முன்பும் மாட்டும்போதும்

வீட்டுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கடைக்குப் போனால் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது கேமராவைத்தான். கேமரா நல்ல பொருள்தான். ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கொல்லைக் கதவை நெம்பியதைக் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து பார்ப்பதால் போன நகை திரும்பி வராது. நெம்புகிற அந்த நிமிடத்திலேயே ஊரைக் கூட்டுவது அலாரம். சுவரைக் கொத்தாமல், ஒயர் இழுக்காமல், ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஸ்டூலும் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்களே மாட்டிவிடக்கூடிய ஒயர்லெஸ் அலாரத்தைப் பற்றியது இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டுத் தனி வீட்டை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வேலை பாதியாகக் குறையும்.

பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு காகிதத்தை எடுங்கள்

அலாரம் அடித்தால் நேரில் போய்ப் பார்க்கக்கூடிய மூன்று பேரின் பெயரை அதில் எழுதுங்கள். அமெரிக்காவில் பல வீட்டு அலாரங்கள் மாதக் கட்டணம் வாங்கும் கண்காணிப்பு மையத்தோடு இணைக்கப்பட்டிருக்கும்; அங்கே ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்துப் போலீசுக்குச் சொல்வார். இங்கே கடையில் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை உங்கள் கைபேசியை மட்டுமே அழைக்கும். நீங்கள் காசியில் படித்துறையில் நிற்கும்போது அந்த அழைப்பு வந்து என்ன பயன்? எதிர் வீட்டுக்காரர், இரண்டு தெரு தள்ளியிருக்கும் மைத்துனர், மாடியில் குடியிருப்பவர் என்று யாராவது ஐந்து நிமிடத்துக்குள் வாசலுக்கு வரக்கூடியவர்களாக இருக்க வேண்டும். அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று பெயர் தேறாவிட்டால், அலாரத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் முதல் பகுதியை நல்ல பூட்டுக்கும் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளுக்கும் போடுவது மேல்.

காகிதத்தின் அடியில் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தின் எண்ணையும் எழுதுங்கள். அவசர உதவி எண் 112 இருக்கிறதே என்று தோன்றும். நீங்கள் பெங்களூரிலிருந்து 112-ஐ அழைத்தால் அது கர்நாடகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். அங்கிருந்து மதுரைக்குச் செய்தி வந்து சேர நேரமாகும். உள்ளூர் எண் கையில் இருந்தால் நேராகப் பேசலாம். சில நாட்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகும்படி போலீசாரே அடிக்கடி கேட்டுக்கொள்கிறார்கள். சொன்னால் இரவு ரோந்தில் உங்கள் தெருவையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

எந்த நிறுவனத்தின் பெட்டியைப் பிரித்தாலும் நான்கு சாமான்கள் இருக்கும்: மையப் பேனல், கதவு சென்சார், நடமாட்ட சென்சார், சைரன். கூடவே ரிமோட்டோ எண்பலகையோ வரும். சென்சார் பார்க்கிறது, பேனல் முடிவெடுக்கிறது, சைரன் கத்துகிறது, பேனலில் இருக்கும் சிம் கார்டோ இணையமோ உங்களுக்குத் தகவல் சொல்கிறது. சென்சாரிலிருந்து பேனலுக்கு ஒரு தாவல், பேனலிலிருந்து உங்கள் கைபேசிக்கு ஒன்று, உங்களிடமிருந்து வாசலுக்கு ஓடி வருபவருக்கு ஒன்று என மூன்று தாவல்கள். வாங்குகிறவர்கள் எல்லோரும் சென்சாரையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். காலை வாருவது இந்தத் தாவல்கள்தான்.

கதவு சென்சார் மிக எளிமையான பொருள். தீப்பெட்டி அளவில் இரண்டு துண்டு. சிறியதில் காந்தம் மட்டும் இருக்கும், அது கதவில். பெரியதில் பேட்டரியும் சின்னஞ்சிறு கண்ணாடிக் குழாயும் இருக்கும், அது நிலையில். குழாய்க்குள் நிக்கல் கலந்த இரும்பால் ஆன இரண்டு மெல்லிய தகடுகள் உண்டு. காந்தம் அருகில் இருக்கும்வரை அவை ஒட்டிக்கொண்டிருக்கும். கதவு திறந்து காந்தம் விலகியதும் பிரிந்துவிடும். 1930-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் தொலைபேசி இணைப்பகங்களுக்காகக் கண்டுபிடித்த அமைப்பு இது. இன்னும் இதைவிட மலிவாகவும் நம்பகமாகவும் ஒன்று வரவில்லை. தகடு பிரிந்ததும் சென்சார் விழித்து, தன் அடையாள எண்ணையும் ‘திறந்தது’ என்ற செய்தியையும் ரேடியோ அலையில் அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும். நாளெல்லாம் தூங்குவதால்தான் சின்ன பேட்டரியிலேயே ஓராண்டு, ஈராண்டு ஓடுகிறது.

நடமாட்ட சென்சார் கொஞ்சம் நுட்பமானது. பிஐஆர் என்பார்கள். இது எதையும் வெளியே அனுப்புவதில்லை. மனித உடல் உட்பட சூடான எல்லாப் பொருளிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் வந்துகொண்டே இருக்கிறது. அதை வாங்கிப் பார்ப்பதோடு சரி. அதன் முகத்தில் இருக்கும் பால்வெள்ளை பிளாஸ்டிக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வரிவரியாகக் கட்டங்கள் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு லென்ஸ். அறையை விசிறி மடிப்புகளைப் போலப் பல பட்டைகளாக அவை பிரிக்கின்றன. சூடான ஓர் உருவம் ஒரு பட்டையைத் தாண்டி அடுத்ததற்குள் போகும்போது உள்ளே மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கமே அலாரம்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் புரியும். குறுக்கே நடப்பவரை இது சட்டென்று பிடிக்கும். நேராக அதை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும் என்பதால் ஜன்னல் கண்ணாடி வழியாக வெளியே நிற்பவரை இதனால் பார்க்க முடியாது. மூன்றாவது நம் ஊருக்கே உரியது. சென்சார் பார்ப்பது சூட்டை அல்ல, சுற்றுப்புறத்துக்கும் உடலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை. கத்திரி வெயிலில் நான்கு நாள் பூட்டிக் கிடக்கும் மாடி அறையின் சுவர் உடல் சூட்டுக்கே வந்துவிடும். அப்போது வித்தியாசம் கரைந்து, சென்சாருக்குக் கண் மங்கிவிடும். வெப்பத்துக்கேற்பத் தன் கூர்மையை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். நுண்ணலையும் (மைக்ரோவேவ்) சேர்ந்து வேலை செய்யும் இரட்டைச் சென்சார்களும் உண்டு; ஆனால் அவற்றில் பல, இரண்டு கண்ணும் ஒருசேரப் பார்த்தால்தான் அலாரம் அடிக்கும். அவை தவறான அலாரத்தைக் குறைக்குமே தவிர வெயில் மங்கலைத் தீர்க்காது. என்னைக் கேட்டால், மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறைக்குக் கதவு சென்சாரையே முதல் காவலாக வையுங்கள்.

எந்த அலைவரிசை?

இந்தியாவில் தனியாக உரிமம் வாங்காமல் குறைந்த சக்தியில் பயன்படுத்தக்கூடிய அலைவரிசைகளில் 433 மெகாஹெர்ட்ஸும் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸும் அலாரங்களுக்கு ஏற்றவை. வைஃபையும், வீட்டுக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஜிக்பீ என்ற முறையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை. அதிர்வெண் குறையக் குறைய அலை சுவரை எளிதாகக் கடக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் உள்ள வீட்டில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அமெரிக்காவிலிருந்து வரும் மகனோ மருமகளோ அன்போடு ஒரு செட் வாங்கி வருவதுண்டு. நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மாட்டாதீர்கள். அங்கே பல கருவிகள் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் பேசுகின்றன. இங்கே அதன் ஒரு பகுதி கைபேசி நிறுவனங்களுக்கு உரியது. உங்கள் வீட்டு அலாரம் பக்கத்துக் கோபுரத்தின் காதில் கத்திக்கொண்டிருக்கும். அது சட்டப்படியும் குற்றம். ஜிக்பீயைப் போன்ற இன்னொரு முறையான இசட் வேவ் கருவிகளிலும் இதே சிக்கல்: அமெரிக்க மாதிரிக்கு ஓர் அலைவரிசை, இந்திய மாதிரிக்கு வேறு. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது.

மலிவான 433 மெகாஹெர்ட்ஸ் பெட்டிகளில் இன்னொரு ஓட்டை. பலவற்றில் ரிமோட் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்பும். கேட் ரிமோட்டை நகலெடுத்துத் தரும் சின்னக் கருவி ஒன்று சந்தையில் சல்லிசாகக் கிடைக்கிறது. அதை அருகில் வைத்து ஒரு தடவை பொத்தானை அழுத்தினால் உங்கள் அலாரத்தை அணைக்கும் ரிமோட் இன்னொன்று தயார். ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி: ‘அழுத்தும் ஒவ்வொரு முறையும் குறியீடு மாறுமா?’ கடைக்காரர் விழித்தால் மாறாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கூடவே இன்னும் இரண்டு கேள்விகள். பேச்சு ஒருவழியா, இருவழியா? ஒருவழி என்றால் சென்சார் சொல்லிவிட்டுப் போய்விடும்; பேனலுக்குக் கேட்டதா என்று அதற்குத் தெரியாது. இருவழி என்றால் பதில் வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லும். அடுத்தது, சென்சார் அவ்வப்போது ‘இருக்கிறேன்’ என்று பேனலுக்கு ஆஜர் சொல்கிறதா? அந்த வசதி இல்லாத பெட்டியில் ஒரு சென்சாரின் பேட்டரி செத்துப்போனாலும், யாராவது அதைப் பிடுங்கி எறிந்தாலும், பேனல் எல்லாம் நலம் என்றே பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். இந்த மூன்று கேள்விக்கும் சரியான பதில் கிடைக்கும் பெட்டி விலை கூடத்தான். சென்சாரில் ஒன்றிரண்டைக் குறைத்தாவது அதையே வாங்கச் சொல்வேன்.

பேனல் ஒன்றும் இல்லாமல் நேராக வீட்டு வைஃபையில் இணையும் சென்சார்களும் விற்கின்றன. கரண்ட் போனதும் ரவுட்டர் அணையும். அதோடு அவையும் ஊமையாகிவிடும். அவற்றைக் குறை சொல்லவில்லை. குளிர்பதனப் பெட்டிக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்க நல்ல கருவி.

சிம் கார்டு விவகாரம்

மலிவான பேனல்களில் பல இன்னமும் 2ஜி மட்டுமே அறிந்தவை. ஜியோவிடம் 2ஜி சேவையே கிடையாது. ஜியோ சிம்மை அதில் போட்டுவிட்டுப் பேனல் பழுது என்று கடைக்காரரோடு சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். 2ஜி உங்கள் பகுதியில் நன்றாக எடுக்கும் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போடுங்கள். முடிந்தால் 4ஜி பேனலே வாங்குங்கள். எதுவானாலும் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் உண்டு. காலாவதியான அன்று பேனல் ஓலமிடாது, சும்மா இருந்துவிடும். சமையல் எரிவாயு பதிவை நினைவில் வைத்திருக்கும் ஆளிடமே இந்தப் பொறுப்பையும் கொடுங்கள்.

இணையம், சிம் இரண்டும் உள்ள பேனல் என்றால் இன்னும் நல்லது. ரவுட்டருக்கென்று சின்ன யுபிஎஸ் தனியாகக் கிடைக்கிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் இணைத்தாலே போதும். பேனலுக்குள் பேட்டரி இருக்கிறதா, கரண்ட் இல்லாமல் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையும் பாருங்கள்.

எத்தனை சென்சார்?

வீட்டை வெளியிலிருந்து ஒரு சுற்று சுற்றி வாருங்கள். தெருவிலிருந்து பார்க்காமல், மதிலைத் தாண்டிக் குதித்தவன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பாருங்கள். முன்வாசல் கதவு தெருவிளக்கு வெளிச்சத்தில் இருக்கும், அவனுக்குப் பிடிக்காது. கொல்லைக் கதவு, வெளிப்புற மாடிப்படி, அதன் முடிவில் இருக்கும் மொட்டைமாடிக் கதவு ஆகியவைதான் அவன் கண்ணில் படும். மொட்டைமாடிக் கதவு வெயிலிலும் மழையிலும் உளுத்துப்போய், பெயருக்கு ஒரு கொக்கியோடு நிற்பதை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம்.

நம் ஊர் ஜன்னல்களில் பெரும்பாலும் இரும்புக் கம்பி இருப்பதால் ஜன்னலுக்கு ஜன்னல் சென்சார் மாட்டத் தேவையில்லை. வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டுப் பத்து ஜன்னல் சென்சார் வாங்குவது வீண் செலவு. தரையோடு திறக்கும் எல்லாக் கதவுகளுக்கும் ஒன்று, மொட்டைமாடிக் கதவுக்கு ஒன்று, எந்த அறைக்குப் போனாலும் கடந்துதான் ஆக வேண்டிய கூடத்துக்கு ஒரு நடமாட்ட சென்சார், பீரோ இருக்கும் அறைக்கு இன்னொன்று. சாதாரண வீட்டுக்கு இது போதும். குளியலறையில் கண்ணாடிச் சட்டங்களைச் செருகிய காற்றுத் திறப்புக்குக் கம்பி இல்லை என்றால் சென்சாருக்கு முன் கம்பி போடுங்கள்.

மாட்டும் முறை

முதலில் எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, பேனலோடு ஒவ்வொன்றாக இணைத்துவிடுங்கள். சுவரில் மாட்டிவிட்டு ஸ்டூல் மேல் ஏறி இணைப்பது கழுத்து வலிக்கு வழி. இணைக்கும்போதே பெயர் வையுங்கள். ‘மண்டலம் 3’ என்று நள்ளிரவில் செய்தி வந்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ‘கொல்லைக் கதவு’ என்று வந்தால் ஓடி வரும் எதிர் வீட்டுக்காரருக்கும் புரியும். செயலியில் இணையவில்லை என்றால் கைபேசி எந்த வைஃபையில் இருக்கிறது என்று பாருங்கள். பல பேனல்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், கைபேசியோ 5 கிகாஹெர்ட்ஸில் நிற்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை அப்போதே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் கும்பல் கும்பலாகக் கைப்பற்றியது, அவற்றின் உரிமையாளர்கள் மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களை வைத்துத்தான்.

பேனலுக்கு வீட்டின் நடுப்பகுதி நல்லது. வாசலிலிருந்து கண்ணில் படக்கூடாது. உள்ளே வந்தவன் முதலில் தேடுவது அதைத்தான். இரும்பு பீரோவுக்குள்ளோ அதன் பின்னாலோ, இன்வெர்ட்டருக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள். இரும்பு, அலையை விழுங்கிவிடும். இடம் முடிவானதும் சென்சார்களை அவை இருக்கப்போகும் இடத்தில் கையால் பிடித்துச் சோதியுங்கள். ஒவ்வொரு முறையும் பேனலில் செய்தி வந்த பிறகே ஆணி அடியுங்கள்.

கதவு சென்சாரில் இரண்டு துண்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி தாங்கும் என்று குறிப்பேட்டில் போட்டிருக்கும். பெரும்பாலும் ஒரு விரல் அகலம். அந்த எல்லைக்கு ஒட்டினாற்போல் மாட்டக்கூடாது. மரக்கதவு ஐப்பசி மழையில் ஊதும், பங்குனியில் சுருங்கும். அந்தச் சிறு நகர்வே அலாரத்தை அடித்துவிடும். தாராளமாக உள்ளே தள்ளி மாட்டுங்கள். கிரில் கேட்டிலும் இரும்புக் கதவிலும் காந்தத்தின் சக்தியை இரும்பு இழுத்துக்கொள்வதால், அதற்கென்று விற்கும் பெரிய சென்சாரை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் காந்தத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டை ஒன்றைக் கொடுத்துத் தூக்கி வைத்துப் பார்க்கலாம். ஒட்டுநாடாவை மட்டும் நம்பாதீர்கள். தூசியும் வெயிலும் சேர்ந்தால் ஒரு கோடைக்குள் கழன்றுவிடும்; திருகாணி போடுங்கள்.

நடமாட்ட சென்சாரை அறையின் மூலையில், தரையிலிருந்து ஏழடி உயரத்தில், வருபவர் குறுக்கே நடக்கும்படி பார்த்து மாட்டுங்கள். மேற்கு வெயில் விழும் ஜன்னல், ஏசியின் காற்று, மின்விசிறியில் ஆடும் திரைச்சீலை, அணையாமல் எரியும் பூஜை விளக்கு ஆகிய எதுவும் அதன் எதிரே இருக்கக்கூடாது. இத்தனையும் பார்த்து மாட்டிய பிறகும் நள்ளிரவில் காரணமில்லாமல் அடிக்கிறதா? பல்லியைத் தேடுங்கள். சுவரில் எங்கோ ஓடும் பல்லி ஒரு பொருட்டல்ல. லென்ஸின் மேலேயே ஏறி ஊரும் பல்லி சென்சாரின் கண்ணுக்கு ஓர் ஆள் அளவுக்குத் தெரியும். டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் மாட்டினால் பூச்சிக்காகப் பல்லி வரும், பல்லிக்காக நீங்கள் எழுந்திருக்க வேண்டும். விளக்கிலிருந்து தள்ளி மாட்டுங்கள். பின்பக்கத் திருகுத் துளைகளைச் சிலிகான் பசையால் அடைத்துவிடுங்கள். எறும்பு உள்ளே குடித்தனம் வைத்தால் சர்க்யூட் பலகை வீணாகிவிடும்.

சைரன் இரண்டு இருந்தால் நல்லது: உள்ளே ஒன்று, ஏணி இல்லாமல் எட்டாத உயரத்தில் வெளியே ஒன்று. உள்ளே இருப்பது திருடனுக்கு. வெளியே இருப்பது தெருவுக்கு.

அமைப்புகளில் கவனிக்க வேண்டியவை

வெளியே போகும் தாமதம், உள்ளே வரும் தாமதம் என்று இரண்டு நேரங்கள் கேட்கும். அலாரத்தைப் போட்டுவிட்டு வெளியேறவும், உள்ளே வந்து அதை அணைக்கவும் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அது. முன்வாசலுக்கு மட்டும் முப்பது விநாடி கொடுங்கள். கொல்லைக் கதவுக்கும் மொட்டைமாடிக்கும் தாமதமே வேண்டாம். அந்த வழியாக நீங்கள் வரப்போவதில்லை.

‘வீட்டில் இருக்கிறோம்’ என்ற முறையில் நடமாட்ட சென்சார்கள் தூங்கும், கதவு சென்சார்கள் மட்டும் விழித்திருக்கும். இரவுக்கு இதுதான் சரி. ஆனால் அதிகாலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போட யாராவது கதவைத் திறப்பார்கள் இல்லையா? அவர் கையில் ரிமோட் ஒன்று இருக்க வேண்டும், அல்லது நாலே முக்காலுக்குத் தானாக அணையும்படி நேரம் குறித்திருக்க வேண்டும். இதை மறந்த வீட்டில் முதல் வாரத்திலேயே தெரு முழுக்க எழுந்துகொள்ளும். இரண்டாம் வாரம் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அதன்பிறகு உண்மையாகவே திருடன் வந்தாலும் ‘அந்த வீட்டுப் பெட்டிக்கு இதே வேலை’ என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.

ரிமோட்டைச் சாவிக்கொத்தோடு கோத்துச் செருப்பு அலமாரியில் ஒளித்து வைக்கும் வழக்கம் உள்ளவர்கள், தயவுசெய்து எண்பலகைக்கு மாறிவிடுங்கள்.

மாதம் ஒருமுறை ஒரு பகல் பொழுதில், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, ஒவ்வொரு கதவாகத் திறந்து, ஒவ்வோர் அறையாக நடந்து, சைரனையும் கைபேசி அழைப்பையும் சோதியுங்கள். பேனலின் மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டும் ஒரு தடவை சோதியுங்கள். பேட்டரி குறைகிறது என்ற எச்சரிக்கை எந்தச் சென்சாரிலிருந்து வந்தாலும் அதே வாரத்தில் மாற்றிவிடுங்கள்.

அழைப்பு வந்துவிட்டால்

நீங்கள் ஊரில் இல்லை, ‘கொல்லைக் கதவு திறந்தது’ என்று செய்தி வருகிறது. அடுத்த நிமிடத்தில் ‘கூடம், நடமாட்டம்’ என்றும் வந்தால் அநேகமாகப் பல்லியும் காற்றும் அல்ல. காகிதத்தில் எழுதிய முதல் ஆளை அழையுங்கள், கூடவே காவல் நிலையத்தையும். போகிறவர் தனியாகப் போகக்கூடாது. வாசல் விளக்கைப் போட்டு, தெருவில் நின்று சத்தம் கொடுக்கட்டும், அங்கிருந்தே 112-ஐ அழைக்கட்டும். வீட்டுக்குள் நுழையக்கூடாது, திருடன் ஓடிவிட்டான் என்று தெரிந்த பிறகும்கூட. போலீசாரும் கைரேகைப் பிரிவினரும் வந்து பார்க்கும்வரை பீரோவின் கைப்பிடியையும் உடைந்த பூட்டையும் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பேனலில் எந்தச் சென்சார் எத்தனை மணிக்கு அடித்தது என்ற வரிசை பதிவாகியிருக்கும்; அதை அழிக்காமல் படம் எடுத்து வைத்துக்கொண்டு புகாரோடு கொடுங்கள்.